உயிர்க்கணிதம் இளங்கலையாகப் படிக்கலாமா? (பிளஸ் டூ பயோமேத்ஸ் குரூப் முடித்த மாணவி கேட்கிறேன்)

பிளஸ்டூ_முடிச்சாச்சு | மே 12, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். இந்த மன்றத்தை ஒரு வருஷமா படிச்சுட்டு வர்றேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

ஊர் தேனிப் பக்கம். இந்த வருஷம் பிளஸ் டூ, பயோமேத்ஸ் குரூப். ரிசல்ட் வந்துடுச்சு. கணக்குல 97, உயிரியல்ல 95. நீட் எழுதினேன், சரியா எழுதல. டாக்டர் ஆகணும்னு எனக்குப் பெரிய ஆசையும் கிடையாது. எனக்குப் பிடிச்சது கணக்கு போடுறது. அப்புறம் உயிரியல் புத்தகத்துல ஒரு விஷயம் ஏன் அப்படி நடக்குதுன்னு சொல்ற பக்கங்கள். ரெண்டுல ஒண்ணை விட்டுத்தான் ஆகணும்னு எல்லாரும் சொல்றாங்க.

போன வாரம் தேடிக்கிட்டு இருக்கும்போது வெளிநாட்டுல "பயோமேத்தமேட்டிக்ஸ்"னு ஒரு டிகிரியே இருக்குன்னு பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஆனா யார்கிட்ட சொன்னாலும் "அதான் பிளஸ் டூல படிச்சிட்டியே"ங்கிறாங்க. குரூப் பேரும் டிகிரி பேரும் ஒண்ணா இருக்கறதால வீட்டுல புரியவைக்க முடியல.

அந்தப் படிப்புல நிஜமா என்ன சொல்லித் தர்றாங்க? நம்ம பக்கம் கிடைக்குமா? இல்ல, பி.எஸ்சி கணக்கு சேர்ந்துட்டு அப்புறமா அந்தப் பக்கம் போக முடியுமா? அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறாங்க, செலவையும் பார்க்கணும். "கணக்கு படி, பி.எட் முடி, டீச்சர் ஆகிடு"ன்னு சொல்றாங்க. அவங்க சொல்றதும் எனக்குப் புரியுது.

அப்பா_ஒருவர் | மே 12, இரவு 10:25

பாப்பா, உங்க அப்பா இடத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகன் பெயர் புதிதாக இருந்த ஒரு பி.எஸ்சி படித்தான். பாடத்திட்டத்தில் முக்கால்வாசி கணிதம்தான். முடித்துவிட்டு பி.எட் சேரப் போன இடத்தில், சான்றிதழில் "கணிதம்" என்று மட்டும் இல்லாததால் இணைத்தன்மை அரசாணை (இந்தப் பட்டம் கணிதப் பட்டத்துக்குச் சமம் என்ற அரசு உத்தரவு) கேட்டார்கள். அதைத் தேடி அலைந்ததில் ஒரு கல்வியாண்டே போய்விட்டது.

டி.ஆர்.பி ஆகட்டும், டி.என்.பி.எஸ்.சி ஆகட்டும், பட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்கள். படித்தது என்ன என்று உட்கார்ந்து விளக்க அங்கே நேரம் தரமாட்டார்கள். ஆசிரியர் வேலை என்ற கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று நினைத்தால், பெயரில் விளையாடாதீர்கள். உங்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை அம்மா. மகனுக்கு அன்று யாரும் சொல்லவில்லை, அதனால் இன்று நான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | மே 13, காலை 6:10

அன்பு மகளுக்கு,

34 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன் நான். உன் உயிரி-விலங்கியல் புத்தகத்தில் ஹார்டி-வெயின்பெர்க் விதி படித்திருப்பாய். அந்த ஹார்டி யார் தெரியுமா? 1913-இல் நம் ராமானுஜனின் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுப் பதில் எழுதினாரே, அதே கேம்பிரிட்ஜ் கணித மேதைதான். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1908-இல், புன்னெட் என்ற மரபியல் அறிஞர் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். ஓங்கு பண்பு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் பண்பு) ஒன்று தலைமுறைதோறும் பெருகிக்கொண்டே போய் மக்கள் தொகையை நிரப்பிவிடாதா என்பது கேள்வி. பெருகாது, அதன் பங்கு தலைமுறைதோறும் அப்படியே நிற்கும் என்று ஹார்டி ஒரு சிறு கடிதத்தில் விடை சொன்னார். வாய்ப்பாடு தெரிந்தவர் போடக்கூடிய கணக்குதான் அது. ஜெர்மனியில் வெயின்பெர்க் என்ற மருத்துவரும் அதே ஆண்டு தனியாக அதைப் போட்டிருந்தார். ஆனால் உயிரியல்காரர்கள் பலர் அதுவரை அதைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

நீயும் போட்டுப் பார். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரில் நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு அந்த நோய் என்று வை. நோய் வர இரண்டு பக்கமும் அந்த மரபணு வர வேண்டும். ஆகவே அதன் பங்கின் வர்க்கம் 0.01, பங்கு 0.1. ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர்கள் 2 × 0.9 × 0.1. அதாவது நூறில் 18 பேர். மருத்துவமனைக்கு வருவது ஒரு குழந்தை. அறிகுறி ஏதுமின்றி ஊரில் நடமாடுபவர்கள் 18 பேர்.

இதை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். எனக்கும் அப்படித்தான்.

ஒன்றை மறக்காதே. யார் யாரை வேண்டுமானாலும் மணக்கலாம் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. சிறிய மலைக் குடியிருப்பில், உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் இடத்தில், விடை வேறு. எந்த இடத்தில் கணக்கு பொய்க்கும் என்று சொல்ல உயிரியல் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் விடாதே என்று நான் சொல்வது அதனால்தான்.

கடலோரக்கணக்கு | மே 13, இரவு 11:05

தங்கச்சி, உன் பதிவைப் படிச்சதும் எனக்குப் பதினேழு வயசுல என்னைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோ.

நான் பாம்பன்காரி. அப்பா விசைப்படகுல தொழில் பார்த்தாங்க. மீன்பிடித் தடைக்காலம் வந்தா எங்க தெருவே வீட்டுல இருக்கும். அப்போ 45 நாள். 2017-லேர்ந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும். தடை முடிஞ்சு படகு திரும்பி வந்ததும் அப்பா முதல்ல சொல்றது "இந்தப் பாட்டுல என்ன மீன் ஏறுச்சு"ங்கிறதைத்தான். பாடுன்னா ஒரு தடவை கடலுக்குப் போய் வலை போட்டு வர்றது. சாளை எவ்வளவு, சூடை எவ்வளவு, சீலா எவ்வளவு, பாறை எவ்வளவு. எங்க வீட்டுல ஒரு நோட்டு இருந்துச்சு, அம்மா எழுதுவாங்க.

நான் பக்கத்து ஊர்ல ஒரு அரசு கலைக் கல்லூரியில சாதாரண பி.எஸ்சி கணக்கு படிச்சேன். மூணாவது வருஷம் எங்க மேடம் வகைக்கெழுச் சமன்பாடு (ஒண்ணு எவ்வளவு வேகமா மாறுதுன்னு சொல்ற கணக்கு) நடத்தும்போது ஒரு கதை சொன்னாங்க. முதல் உலகப்போர் நடந்தப்போ ஏட்ரியாட்டிக் கடல்ல மீன்பிடி ரொம்பக் குறைஞ்சுபோச்சு. இத்தாலியில டான்கோனாங்கிற கடல் உயிரியலாளர் மீன் சந்தைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தாரு. ஃபியூமே துறைமுகத்துல 1914-ல, வந்த மீன்ல சுறா, திருக்கை மாதிரி பிற மீனைத் தின்னுற வகைகளோட பங்கு நூத்துக்கு 11.9. 1918-ல அதுவே 36.4. மீன் பிடிக்காம விட்டா எல்லா மீனும் பெருகணுமே, தின்னுற மீனுக்கு மட்டும் எதுக்கு இந்த யோகம்? அவருக்கு விடை கிடைக்கல. வருங்கால மாமனார் கணித மேதை வோல்தெர்ரா. அவர்கிட்ட கேட்டாரு. 1926-ல வோல்தெர்ரா ரெண்டே ரெண்டு சமன்பாட்டை எழுதினாரு. அமெரிக்காவுல லோட்கா அதே சமன்பாடுகளை 1925-லயே தனியா எழுதியிருந்தாரு.

அதுலேர்ந்து வர்ற விடைதான் என் வாழ்க்கையை மாத்துனது. சின்ன மீனோட சராசரி எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது அது எவ்வளவு வேகமா குஞ்சு பொரிக்குதுங்கிறது இல்ல. அதைத் தின்னுற பெரிய மீன் எவ்வளவு வேகமா சாகுதுங்கிறதுதான். வலை ரெண்டையும் அள்ளும். ஆனா அளவோட அள்ளுனா, சராசரியில சின்ன மீன் கூடும், பெரிய மீன் குறையும். அள்ளுறதை நிறுத்துனா தலைகீழ். போர்ல நடந்தது அதுதான்.

அன்னைக்கு பஸ்ல வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அம்மா நோட்டு ஞாபகமாவே இருந்துச்சு. லீவுல உட்கார்ந்து ஏழு வருஷ நோட்டை எண்ணுனேன். சமன்பாட்டுல போட்டேன். பொருந்தவே இல்ல. அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது: 45 நாளுங்கிறது நாலு வருஷப் போர் இல்ல, தடைக்காலம் முட்டையிடுற பருவத்தைக் காப்பாத்துறதுக்காக வந்தது, எங்க கடல்ல தின்னுறதும் தின்னப்படுறதும் ரெண்டே வகை இல்ல. எல்லாத்துக்கும் மேல, சூடை விலை விழுந்த வாரங்கள்ல அப்பா அதைக் கடல்லயே கொட்டிட்டு வந்திருக்காங்க. அம்மா எழுதுனது கரைக்கு வந்ததை மட்டும்தான்.

அதுக்கப்புறம் எம்.எஸ்சி, சென்னையில பிஎச்.டி. இப்போ மீன்வளக் கணிப்புதான் வேலை.

இப்போ உன் கேள்வி. பட்டத்தோட பேருக்காக அலையாத. நம்ம நாட்டுல அந்தப் பேர்ல இளங்கலை அபூர்வம். துறை இருக்கு, பேர்தான் வேற வேற. தரமணியில கணித அறிவியல் நிறுவனம் இருக்கு, 1962-லேர்ந்து. அங்க கணிப்பு உயிரியலுக்குன்னே ஒரு குழு. அங்க போகணும்னா வேண்டியது வலுவான கணக்கு. இளங்கலையில வகைக்கெழுச் சமன்பாடு, நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு மூணையும் எலும்புல ஏத்திக்கோ. உயிரியலை இருபத்தஞ்சு வயசுலகூடப் படிச்சுக்கலாம். கணக்கை அந்த வயசுல ஆரம்பிச்சவங்க படுற பாட்டை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

பால்டிக்_காற்று | மே 14, அதிகாலை 2:30

உயிரியலை அப்புறம் படிச்சுக்கலாம்னு அக்கா சொல்றதுல மட்டும் நான் மாறுபடுறேன்.

நான் திருச்சிக்காரன். வடக்கு ஜெர்மனியில் உயிர்க்கணிதம் என்ற பெயரிலேயே பி.எஸ்சி முடித்தவன். முதல் வருஷம் கணித மாணவர்களோடு அதே ஹாலில், அதே அனாலிசிஸ், அதே லீனியர் ஆல்ஜிப்ரா. எங்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அவர்கள் இயற்பியல் பக்கம் போகும் நேரத்தில் நாங்கள் வேதியியல், மரபியல், நுண்ணுயிரியல். பிறகு சூழலியல், புரோகிராமிங், புள்ளியியல். வாரம் ஒரு நாள் ஆய்வகம்.

அந்த ஆய்வகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பாக்டீரியா எண்ணும் பயிற்சி. ஒரு குழாயில் இருப்பதை பத்தில் ஒன்றாகக் கரைத்து, அதைத் திரும்பப் பத்தில் ஒன்றாகக் கரைத்து, இப்படி ஆறு தடவை. கடைசியில் தட்டில் பரப்பி, மறுநாள் முளைத்த புள்ளிகளை எண்ண வேண்டும். எனக்கு 31 புள்ளி. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அதே குழாயிலிருந்து 52. ரெண்டு பேரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொரு கரைசலிலும் பிப்பெட் (திரவத்தை அளந்து எடுக்கும் சிறு குழாய்) கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. ஆறு தடவை சேர்ந்தால் அவ்வளவு. அதற்கு முன்னால் "மூன்று கோடி பாக்டீரியா" என்று புத்தகத்தில் பார்த்தால் அது எனக்கு ஒரு எண். அன்றிலிருந்து அதற்குள் ஒரு கை நடுக்கம் இருப்பது தெரியும்.

அக்காவுக்கு அந்தப் பாடத்தை அம்மா நோட்டு சொல்லிக்கொடுத்தது. வீட்டில் நோட்டு இல்லாதவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அதைப் பதினெட்டு வயதிலேயே கற்றுத்தர ஒரு படிப்பு இருப்பது நல்லதுதானே?

செலவு, நடைமுறை பற்றி: ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் தங்க, சாப்பிட ஒரு வருஷத்துக்கான பணத்தை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். பிளஸ் டூ மட்டும் போதாது. இந்தியாவில் ஒரு வருஷம் இளங்கலை முடித்திருக்க வேண்டும், அல்லது ஜே.இ.இ அட்வான்ஸ்ட் தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஒரு வருஷ ஆயத்தப் படிப்பு. நான் திருச்சியில் ஒரு வருஷம் கணக்கு படித்துக்கொண்டே ஜெர்மன் கற்றுக்கொண்டு போனேன். போன பிறகும் முதல் ஆறு மாதம் விரிவுரை பாதிதான் புரிந்தது. ராத்திரி பார்சல் டெலிவரி, பகலில் வகுப்பு. உடம்புக்கும் மனசுக்கும் கஷ்டமான காலம் அது.

இந்தப் பெயரில் படிக்க பால்டிக் கரையில் கிரைஃப்ஸ்வால்ட் பழைய இடம். பக்கத்து ரீம்ஸ் தீவில்தான் லோஃப்லர் 1910-இல் கால்நடைக் கோமாரி நோய்க்கு ஆய்வுக்கூடம் தொடங்கினார். விலங்கு நோய் ஆய்வு இன்றும் அங்கே நடக்கிறது. ஸ்காட்லாந்தில் டண்டீயில் கணித உயிரியல் இளங்கலை உண்டு. உயிர்களின் வடிவங்களைக் கணிதமாகப் பார்த்த டார்சி தாம்சன் 1884 முதல் 1917 வரை அந்த ஊரில்தான் பேராசிரியர். அமெரிக்காவில் ரட்கர்ஸில் உயிர்க்கணிதம் முதன்மைப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் பிரிட்டனும் அமெரிக்காவும் உதவித்தொகை இல்லாமல் நம்ம குடும்பங்களுக்குக் கட்டாது.

கடலோரக்கணக்கு | மே 14, காலை 8:15

தம்பி, நீ சொல்றது சரி. "உயிரியலை அப்புறம் படிச்சுக்கலாம்"னு நான் எழுதுனது அவசரம். பாடமா படிக்கிறதை வேணா தள்ளிப் போடலாம். எண் எங்கேர்ந்து வருதுன்னு பார்க்கிற பழக்கத்தைத் தள்ளிப் போடக் கூடாது.

யாழ்_வாசகன் | மே 15, பிற்பகல் 1:20

இஞ்ச எங்கட பிள்ளையளுக்கு இந்தக் கேள்வியே வராது. ஏ.எல்லில (உங்கட பிளஸ் டூ மாதிரி) பயோ எடுத்தால் கணிதம் இல்லை, இணைந்த கணிதம் எடுத்தால் உயிரியல் இல்லை. பதினாறு வயசில கதவைச் சாத்திப் போடுவினம். நான் பயோ படிச்சனான். பிறகு டெங்கு வேலைக்கு வந்தாப்பிறகு ஒரு வகைக்கெழுவை விளங்கிறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்கட தமிழ்நாட்டில ரெண்டையும் ஒண்டாப் படிக்க விடுற அந்தக் குரூப் பெரிய கொடை, தங்கச்சி. அதைக் கைவிடாதேங்கோ.

மருந்துக்கணக்கர் | மே 16, இரவு 10:50

வேலை பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். எம்.எஸ்சி புள்ளியியல் முடித்து, மருந்துப் பரிசோதனை முடிவுகளைக் கணக்கிடும் நிறுவனத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மூன்றிலும் இந்த வேலை உண்டு. உயிர்ப்புள்ளியியலாளர், எஸ்.ஏ.எஸ் (ஒரு புள்ளியியல் மென்பொருள்) புரோகிராமர் என்ற பெயர்களில் ஆள் எடுப்பார்கள். ஒரு மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் முன்பே எத்தனை பேர் வேண்டும், எதை எப்படி ஒப்பிடப்போகிறோம் என்று எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றக் கூடாது. அதைக் காவல் காப்பதும் எங்கள் வேலைதான்.

நீ பதினொன்றாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர் எங்கள் அன்றாடச் சோறு. ஒரு மாத்திரை 100 மில்லிகிராம். உடம்பில் அதன் அரை ஆயுள் ஒரு நாள் என்று வைத்துக்கொள். இன்று 100. நாளை பாதி கரைந்து 50 மிச்சம், மேலே இன்னொரு மாத்திரை, 150. அடுத்த நாள் 175. பிறகு 187.5. எத்தனை வருடம் சாப்பிட்டாலும் 200-ஐத் தாண்டாது. இப்போது சாப்பிடுபவர் எழுபது வயதுக்காரர், சிறுநீரகம் தளர்ந்து அரை ஆயுள் இரண்டு நாளாகிவிட்டது. ஒரு நாளில் மிச்சம் நிற்பது 0.707 பங்கு. அதே மாத்திரை, அதே வேளை. ஆனால் அளவு 341 வரை ஏறும். பாட்டிக்கு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொல்லும் டாக்டரின் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு யோசனை. பி.எஸ்சி கணிதம் சேர்ந்தால் துணைப்பாடம் புள்ளியியல் உள்ள கல்லூரியாகப் பார். பி.எஸ்சி புள்ளியியலே கூட நல்ல வழி. சென்னையில் மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி, லயோலா மூன்றிலும் அந்தத் துறை உண்டு. பிறகு வேலூர் சி.எம்.சி-யில் உயிர்ப்புள்ளியியல் எம்.எஸ்சி இருக்கிறது. ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழிகளில் ஏதாவது ஒன்றை முதல் வருடமே ஆரம்பித்துவிடு. இரண்டும் இலவசம்.

இன்னொன்று. ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நடத்தும் ஐந்து வருடப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்வி. பயோமேத்ஸ் குரூப் பிள்ளைகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். திருப்பதியும் திருவனந்தபுரமும் உனக்குத் தூரமில்லை. இந்த வருட விண்ணப்பம் தவறிப் போயிருந்தால், ஒரு வருடம் கல்லூரியில் இருந்தபடியே அடுத்த தடவை எழுதலாமா என்று தகுதி விதியைப் பார்த்துக்கொள்.

பிளஸ்டூ_முடிச்சாச்சு | மே 17, காலை 7:30

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வாத்தியார் ஐயா கணக்கையும் மருந்துக்கணக்கர் சார் கணக்கையும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மாத்திரைக் கணக்கை ரெண்டு தடவை கேட்டாங்க. எங்க ஆச்சிக்கு பிரஷர் மாத்திரை உண்டு.

அக்கா, ஒரு தொற்றுநோயை எப்படிக் கணக்குல கொண்டு வர்றாங்கன்னு கையால போட்டுப் பார்க்கிற மாதிரி சொல்ல முடியுமா? கம்ப்யூட்டர் இல்லாம.

கடலோரக்கணக்கு | மே 17, இரவு 9:55

முடியும். மெட்ராஸ் ஐ எடுத்துக்கலாம். ஒரு ஹாஸ்டல், 60 பேர். மூணு பேருக்குக் கண்ணு சிவந்துடுச்சு, மீதி 57 பேர் நல்லா இருக்காங்க. எண்ணெல்லாம் நான் சும்மா எடுத்துக்கிறது. நோயோட ஒருத்தி ஒரு நாள்ல சராசரி 0.5 பேருக்குக் கொடுப்பா, சுத்தி இருக்கிற எல்லாரும் வராதவங்களா இருந்தா. நோய் அஞ்சு நாள் இருக்கும், அதனால தினம் அஞ்சுல ஒரு பங்கு பேர் குணமாவாங்க.

முதல் நாள் புதுசா வர்றது: 0.5 × 3 × (57/60) = 1.4. குணமாகுறது 0.6. மறுநாள் நோயோட இருக்கிறவங்க 3.8. இதையே திரும்பப் போடு: 4.8, 6.0, 7.4, 9.0. ஒரு ஆள்ல எப்படிப் பத்தில எட்டுப் பங்குன்னு கேட்காத, இது சராசரி. நோட்டுல மூணு பத்தி போட்டு நாப்பது நாளுக்கு எழுதிப் பார், ஒரு மணி நேரம் ஆகும்.

எழுதும்போது இதைக் கவனி. ஒருத்தியால மொத்தம் 0.5 × 5 = 2.5 பேருக்கு வருது. அதனால வராதவங்க எண்ணிக்கை 60-ஐ 2.5-ஆல வகுத்தா வர்ற 24-க்குக் கீழ போன அன்னைக்கு நோய் இறங்க ஆரம்பிக்கும். கடைசியில அஞ்சாறு பேருக்கு வராமலே முடிஞ்சுடும். அவங்க ஏதோ விசேஷமானவங்கன்னு இல்ல. நோய் அவங்களைத் தேடி வர்றதுக்குள்ள அதைச் சுமக்குறவங்க தீர்ந்துபோயிட்டாங்க. இப்போ கண்ணு சிவந்தவளை ஒண்ணரை நாள்ல தனி ரூம்ல வெச்சா? 0.5 × 1.5 = 0.75. ஒண்ணுக்குக் கீழ. பரவவே பரவாது.

இதை 1927-ல எழுதுனவங்க எடின்பரோவுல ரெண்டு பேர், கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும். மெக்கென்ட்ரிக் டாக்டர், இந்திய மருத்துவப் பணியில இருந்தவர், கசௌலியில பாஸ்டர் நிறுவனத்தை நடத்துனவர். கெர்மாக் வேதியியல்காரர். 1924-ல ஆய்வகத்துல நடந்த வெடிப்புல அவருக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு, வயசு 26. அதுக்கப்புறம் கணக்கை மனசுலயே போட்டார். அந்தக் கட்டுரையில அவங்க வளைகோட்டைப் பொருத்திப் பார்க்க எடுத்த எண்கள் எதுன்னு நினைக்கிற? 1905 டிசம்பர்லேர்ந்து 1906 ஜூலை வரைக்கும் பம்பாய்ல பிளேக்ல செத்தவங்க, வாரவாரம். உலகம் பூரா வகுப்புல போடுற அந்தப் படத்துல ஒவ்வொரு புள்ளியும் நம்ம ஊர்ச் சாவு. நான் பாடம் எடுக்கும்போது அந்த இடத்துல ஒரு நிமிஷம் நிப்பாட்டிட்டுத்தான் மேல போவேன்.

அப்பா_ஒருவர் | மே 18, காலை 6:45

இந்த இழையை மகனுக்கு அனுப்பியிருக்கிறேன். பட்டத்தின் பெயர் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் பி.எஸ்சி கணிதம் என்ற பெயரோடு, புள்ளியியல் துணையோடு, இவ்வளவு வழி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். பாப்பா, அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பார்த்து வையுங்கள்.

பிளஸ்டூ_முடிச்சாச்சு | ஜூன் 29, இரவு 8:10

மதுரையில ஒரு கல்லூரியில பி.எஸ்சி கணிதம் கிடைச்சுடுச்சு. துணைப்பாடம் புள்ளியியல். ஹாஸ்டல்லதான் இருக்கேன். அப்பா லோடு இறக்கிட்டு அப்படியே ஆட்டோவுல பெட்டியைக் கொண்டு வந்து விட்டாங்க. அடுத்த வருஷம் ஐசர் எழுத முடியுமான்னு விதியைப் பார்த்துட்டிருக்கேன். பால்டிக் அண்ணா, ஜெர்மன் எழுத்துகளையும் ஆரம்பிச்சிருக்கேன். போவேனான்னு இப்போ சொல்ல முடியாது, ஆனா படிக்கிறேன்.

பிளஸ்டூ_முடிச்சாச்சு | ஆகஸ்ட் 9, இரவு 9:20

அக்கா, எங்க ஹாஸ்டல்ல மெட்ராஸ் ஐ வந்துடுச்சு. மொத்தம் 84 பேர். வார்டன் மேடம்கிட்ட கேட்டு, கண்ணு சிவந்தவங்க பேர் எழுதுற நோட்டைப் பார்த்தேன். பேரை எடுக்கல, எண்ணிக்கை மட்டும். புதுசா வந்தவங்க: திங்கள் 2, செவ்வாய் 3, புதன் 4, வியாழன் 6, வெள்ளி 7, சனி 1, ஞாயிறு 0, மறு திங்கள் 11.

வெள்ளி வரைக்கும் நீங்க சொன்ன மாதிரியே ஏறுது. 0.5-க்குப் பதிலா கொஞ்சம் கூட வெச்சா நல்லாவே பொருந்துது. சனி ஞாயிறுல அப்படியே விழுந்து, திங்கள் எகிறுது. வாரக்கடைசியில பக்கத்து ஊர்ப் பொண்ணுங்க வீட்டுக்குப் போயிடுவாங்க, கூட்டம் குறைஞ்சதால பரவல் குறைஞ்சுதுன்னு எடுத்துக்கலாமா? அப்படின்னா சமன்பாட்டுல அந்த ரெண்டு நாளுக்கு வேற எண் போடணுமா?

கடலோரக்கணக்கு | ஆகஸ்ட் 9, இரவு 10:02

எண்ணை மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அந்த 11 பேரும் திங்கட்கிழமை கண்ணு சிவந்தவங்களா, இல்ல திங்கட்கிழமை நோட்டுல ஏறினவங்களா? சனிக்கிழமை நோட்டை எழுதுறது யாரு?

பிளஸ்டூ_முடிச்சாச்சு | ஆகஸ்ட் 10, இரவு 7:45

கேட்டுட்டேன் அக்கா. சனி, ஞாயிறு வார்டன் மேடம் வரமாட்டாங்க. நோட்டு மெஸ்ல இருக்கும். சாப்பிட வராதவங்க யாருன்னு பார்த்து, சமையல் பண்ற அக்கா எழுதுவாங்களாம். அவங்களுக்கே சனிக்கிழமை கண்ணு சிவந்துடுச்சுன்னு மெஸ்ல சொன்னாங்க. அவங்க பேர் நோட்டுல இல்ல. ஹாஸ்டல் பொண்ணுங்க பேர் மட்டும்தான் எழுதணும்னு நினைச்சிருக்காங்க.

அவங்கதான் 84 பேருக்கும் பரிமாறுறாங்க. இன்னைக்கு லீவுல வீட்டுல இருக்காங்க. வீடு செல்லூர்ல. நாளைக்குக் காலையில போய்ப் பார்த்துட்டு, என்னைக்கு ஆரம்பிச்சுதுன்னு கேட்டுட்டு வந்து எழுதுறேன்.